உல்லம் ஏறாத ஆறு

ஜூன் மாதம் 12-ஆம் நாள் மேட்டூர் அணையின் மதகுகள் திறக்கப்படுமா என்பதைக் காவிரிப் படுகை உழவர்கள் ஆண்டுதோறும் எவ்வளவு ஆவலோடு எதிர்நோக்குகிறார்கள் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திறந்தால் குறுவை உண்டு. திறக்காவிட்டால் சம்பாவை நம்பியிருக்க வேண்டியதுதான். அணையின் நீர்மட்டம் நேற்று எத்தனை அடி, இன்று எத்தனை அடி என்பதை வீட்டு வரவு செலவைப் பார்ப்பதுபோல் பார்த்து வருகிறோம். நெசவாளர்களுக்கும் அந்த அணையோடு உறவு உண்டு. பவானியிலும் குமாரபாளையத்திலும் ஈரோட்டிலும் ஓடும் விசைத்தறிகளுக்கும், கைத்தறிக்காரர் வீட்டில் இரவில் எரியும் விளக்குக்கும் வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரிலிருந்தே வருகிறது. ஆகவே அணையைக் குறை கூறும் தகுதி நம்மைக் காட்டிலும் குறைந்தவர்கள் இல்லை எனலாம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கும் எண்ணமும் நமக்கு இல்லை.

ஆனால், கூட்டுறவுச் சங்கத்தில் பழகிய நமக்கு ஒரு வழக்கம் உண்டு. வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாமல் விட்ட பேரேட்டில் நாம் கையொப்பம் இடுவதில்லை. காவிரியில் அணை கட்டிய கணக்கில் பாசனம் வரவாக எழுதப்பட்டது. மின்சாரம் வரவாக எழுதப்பட்டது. செலவான பணமும் மூழ்கிய ஊர்களும் ஒருவாறு பற்றில் ஏறின. ஒரே ஓர் இனம் மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. அது உல்லம் மீன்.

இளைஞர்களாகிய வாசகர் பலர் இந்தப் பெயரையே அறியாதிருக்கக்கூடும். வங்காளத்தார் இலிஷ் என்றும், கோதாவரிக் கரைத் தெலுங்கர் புலசை என்றும் போற்றும் மீனே நம் உல்லம். வெள்ளித் தகடு போன்ற செதில், நெய்ப்பற்றுள்ள சதை, பொறுமையைச் சோதிக்கும் நுண்ணிய முட்கள். கடலில் வாழும் மீனாயினும் முட்டையிடுவதற்கு அது கடலை நம்புவதில்லை. தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் பெய்து, புதுவெள்ளம் செந்நிறமாகக் கழிமுகத்தில் வந்து கலக்கும்போது, உப்புநீரின் ஊடே அந்த நன்னீரை உணர்ந்து கூட்டங்கூட்டமாக ஆற்றில் ஏறத் தொடங்கும். நீரோட்டத்தை எதிர்த்து நாள்கணக்கில் நீந்தும். ஒரு பெட்டை மீனின் வயிற்றில் பல லட்சம் முட்டைகள் இருக்கும். ஓடும் நன்னீரில் இட்ட முட்டை ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் சில மாதம் ஆற்றிலேயே வளர்ந்து, விரல் நீளம் ஆனபின் வெள்ளத்தோடு கடலுக்குத் திரும்பும். நாம் ஆடிப்பெருக்கு என்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குச் சென்று கொண்டாடும் அதே புதுப்புனல்தான் உல்லத்துக்கு முகூர்த்த நாள். உழவன் விதை நெல்லை எடுப்பதும் மீன் ஆற்றில் ஏறுவதும் ஒரே அழைப்பைக் கேட்டுத்தான்.

காவிரியில் குறுக்கே கல் வைத்தது மேட்டூரோடு தொடங்கியதன்று. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை மிகப் பழமையானது; ஆனால் அது தாழ்ந்த அணை, பெருவெள்ளத்தில் நீர் அதன்மேல் புரண்டோடியிருக்கும். 1836-ஆம் ஆண்டையொட்டிக் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் கொள்ளிடத்தில் கீழணையையும் கட்டுவித்தார். தஞ்சைத் தரணி மீண்டும் தழைத்தது அவற்றாலேயே என்பதில் ஐயமில்லை. அவ்வணைகள் மீனின் ஏற்றத்தைத் தடுக்கின்றன என்பதும் விரைவிலேயே கண்கூடாகத் தெரிந்தது. மருத்துவராயிருந்து மீனாராய்ச்சியில் இறங்கிய பிரான்சிஸ் டே என்பவர் 1873-இல் இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள நன்னீர் மீன்களைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் இதைச் சுட்டியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையார் கீழணையின் அடியில் தேங்கி நின்ற உல்லங்களைப் பிடித்துச் சினையெடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முயற்சியில் இறங்கினார்கள். அதாவது, நோய் இன்னதென்று 150 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது, மருந்தும் தேடப்பட்டது. தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்வதற்கு நமக்கு இடமில்லை.

ஆயினும் அந்தப் பழைய அணைகளில் மீனுக்கு ஒரு சந்து இருந்தது. வெள்ளம் பெருகிய ஆண்டில் அணையின் மேலேயும் கீழேயும் நீர்மட்டம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அப்போது வலிமையுள்ள மீன்கள் தாண்டி மேலே சென்றுவிடும்; மேட்டூர் வட்டாரம் வரையிலும் உல்லம் ஏறியதுண்டு. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை அந்தச் சந்தை அடைத்தது. 214 அடி உயரமும் 5,300 அடி நீளமும் உள்ள சுவர் அது. எத்தகைய வெள்ளத்திலும் கீழிருந்து ஒரு மீன் மேலே போக முடியாது. 1937-இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. 1960-களில் சுரங்க மின்நிலையமும் சேர்ந்தது. இன்று அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட் திறன் கொண்டவை. மேட்டூருக்கு மேலே உல்லம் இல்லை.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. காவிரியில் முதன்முதல் பெருமளவில் மின்சாரம் எடுத்தது 1902-இல், சிவசமுத்திரத்தில். கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அது அனுப்பப்பட்டது. அங்கே அருவியே மீனுக்கு எல்லை. கடல் மீன் அதுவரை ஏறியதுமில்லை, ஏற முடிந்ததுமில்லை. ஆகவே நீர்மின் நிலையம் என்றாலே மீனுக்குப் பகை என்று நாம் சொல்லவில்லை. எந்த இடத்தில், எந்த மீனின் வழியில், எந்தக் காலத்தில் கதவை மூடுகிறோம் என்பதே கேள்வி.

தறி தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஊடையில் ஓர் இழை அறுந்தால் முடிச்சிட்டு மேலே நெய்கிறோம். துணியில் ஒரு சிறு குறை, அவ்வளவே. பாவைக் குறுக்கே வெட்டிவிட்டால் என்ன செய்வது? ஆறு என்பது மலையிலிருந்து கடல்வரை நீளவாட்டில் ஓடும் பாவு. மீன், வண்டல், விதை, குளிர்ச்சி, உப்பு எல்லாம் அந்த நீளத்தில்தான் போய் வருகின்றன. அணை அதைக் குறுக்கே வெட்டுகிறது.

வழியை மறிப்பது மட்டுமே தீங்கு என்று எண்ணிவிடலாகாது. நம் கருத்தில் அதைவிடப் பெரியது, வெள்ளத்தின் காலத்தையே அணை மாற்றிவிடுவது. மலையில் ஆனி மாதம் பெய்த மழை முன்பு ஆனியிலேயே கழிமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது முதல் வெள்ளம் முழுவதும் 93.47 டி.எம்.சி. கொள்ளும் நீர்த்தேக்கத்தில் அடங்கிவிடுகிறது. அதற்கு மேலேயும் பல அணைகள் உண்டு. பின்பு பாசனத்துக்கென்று அளந்து விடும் நீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக வயலில் பாய்ந்து தீர்ந்துவிடுகிறது. கடலுக்குப் போகும் நீர் வீண் என்று மேடைதோறும் பேசுகிறோம். கழிமுகத்தில் காத்திருக்கும் மீனுக்கு அந்த வீண் நீரே அழைப்போலை. அணை நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் பாயும் ஆண்டுகளில் மட்டும் அழைப்பு வருகிறது. அதுவும் பல வேளை பருவம் தவறி வருகிறது. முகூர்த்தம் கழிந்தபின் வந்த ஓலையால் யாருக்குப் பயன்?

நீரின் இயல்பும் மாறுகிறது. ஆழமான தேக்கத்தின் அடியிலிருந்து வரும் நீர் மேல்நீரைவிடக் குளிர்ந்தது, உயிர்க்காற்றுக் குறைந்தது, வண்டல் இழந்து தெளிந்தது. மின்தேவை ஏறும் மாலை வேளையில் யந்திரத்தைச் சுழற்ற ஒருமட்டமும், தேவை இறங்கியபின் வேறொரு மட்டமுமாக ஆறு ஒரே நாளில் ஏறி இறங்கும்போது, கரையோரப் பள்ளத்தில் இட்ட முட்டைகள் காய்ந்து போகின்றன. கீழே இறங்கி வரும் குஞ்சுகள் தப்பித் தவறி யந்திரச் சக்கரத்தின் வழியே போனால் அலகில் அடிபடுவதோடு, திடீரென்று மாறும் நீரழுத்தத்தாலும் மாண்டு போகின்றன.

விலாங்கின் கதை இன்னும் பரிதாபமானது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்று அதன்மேல் ஒரு பழி சுமத்தி வைத்திருக்கிறோம். ஆனால் அதன் வாழ்க்கை வஞ்சகமற்றது. உல்லம் கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடுகிறது என்றால், விலாங்கு ஆற்றில் வளர்ந்து கடலில் முட்டையிடுகிறது. நூல் போன்ற குஞ்சுகள் ஆழ்கடலிலிருந்து வந்து ஆற்றில் ஏறும். ஈரமான பாறையிலும் தாழ்ந்த அணையின் கசிவிலும் இரவோடிரவாக ஒட்டி ஏறிவிடும் திறமையும் அவற்றுக்கு உண்டு. 200 அடிச் சுவருக்கு அத்திறமை போதாது. ஏறிய சில விலாங்குகள் பல்லாண்டு வளர்ந்து, உடல் நீண்டு, கடலை நாடி இறங்கும்போது யந்திரச் சக்கரம் எதிர்ப்படுகிறது. நீளமான உடல் அதன் அலகில் தப்புவது அரிது. தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை முட்டையிடும் உயிர் அது. அந்தப் பயணத்தில் மாண்டால் அதற்குச் சந்ததி இல்லை.

கடலுக்குப் போகாமல் ஆற்றுக்குள்ளேயே இடம்பெயரும் மீன்களுக்கும் இதே கதிதான். காவிரிக்கே உரிய திமில் மகசீர் என்னும் பெருங்கெண்டை, வெள்ளத்தில் மேலேறிக் கூழாங்கல் பரப்பில் முட்டையிடும் இனம். ஒரு மனிதன் தூக்க முடியாத எடைக்கு அது வளர்ந்ததற்குப் பழைய தூண்டில்காரர்களின் பதிவுகளும் படங்களும் சான்று. அந்த மீனுக்கு உரிய அறிவியற் பெயர் இன்னதென்று அறிஞர்கள் உறுதி செய்தது 2018-இல்தான். அதே ஆண்டில் அது மிகவும் அருகிவிட்ட உயிரினங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இன்று மோயாற்றுப் பகுதி போன்ற சில இடங்களில்தான் எஞ்சியிருக்கிறது. பெயர் வைப்பதற்குள் பாடை கட்டியது போலாயிற்று. இதற்கு அணைகள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மகசீர் இனமும், வெடி வைத்து மீன் பிடிக்கும் பாதகமும் சேர்ந்தே அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன.

"மீனுக்கு ஏணி கட்டி விட்டால் போகிறது" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அணையின் ஓரத்தில் படிப்படியாகத் தொட்டிகள் அமைத்து நீரை வழியவிட்டால் மீன் தாவித் தாவி ஏறிவிடும் என்பது அமெரிக்காவில் கண்ட முறை. 1938-இல் கொலம்பியா ஆற்றில் கட்டிய பானவில் அணையில் அப்படிப்பட்ட ஏணி உண்டு; சால்மன் மீன்கள் அதில் ஏறுகின்றன. ஆனால் சால்மன் தாவும் மீன், உல்லம் தாவாது. சுழலையும் இரைச்சலையும் கண்டால் மிரளும். கையால் தொட்டாலே செதில் உதிர்ந்து மாண்டுபோகும் மென்மையானது. அயல்நாட்டு மீனுக்குத் தைத்த சட்டையை நம் மீனுக்கு மாட்டிவிட்டுப் பொருந்தவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த அமெரிக்காவிலேயே அதே ஆற்றில் 1942-இல் முடிந்த கிராண்டு கூலி அணையில் ஏணியே வைக்கவில்லை. அதற்கு மேலே பல நூறு மைல் நீள ஆறு சால்மனுக்கு இல்லாமற் போயிற்று. மலையுயர அணைக்கு ஏணி என்பது அநேகமாகப் பேச்சளவில் நிற்பதே என்று கொள்ளலாம்.

நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய பாடம் கங்கையில் நடந்தது. 1975-இல் பராக்காவில் திறக்கப்பட்ட கதவணை மின்சாரத்துக்காகக் கட்டியதன்று. கல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோகாமல் காப்பதற்காக ஹூக்ளிக்கு நீர் திருப்பக் கட்டியது. மீனுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதற்குமுன் கடலிலிருந்து புறப்பட்ட இலிஷ் அலகாபாத் வரையிலும், சில ஆண்டுகளில் அதற்கும் மேலேயும் ஏறிக்கொண்டிருந்தது. அங்கெல்லாம் அதை நம்பி வாழ்ந்த படகுக் குடிகள் இருந்தார்கள். கதவணை வந்தபின் சில ஆண்டுகளிலேயே பீகாரிலும் அலகாபாத்திலும் அந்த மீன் வலையில் விழுவது அநேகமாக நின்றுவிட்டது. இப்போது மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கீழே பிடித்த இலிஷை மேலே கொண்டுபோய் விட்டு வருகிறார்கள். நல்ல முயற்சியே. ஆயினும் கதவை அடைத்துவிட்டு விருந்தினரைச் சன்னல் வழியே தூக்கி உள்ளே விடுவதுபோல் அது நமக்குத் தோன்றுகிறது.

கோதாவரியில் வேறொரு விந்தை. 1852-இல் முடிந்த தவளேசுவரம் அணைக்கட்டுக்குக் கீழே மட்டும் வெள்ளக் காலத்தில் புலசை ஏறுகிறது. தாலியை விற்றாவது புலசை தின்ன வேண்டும் என்று அங்கே பழமொழி உண்டு. இப்போது விற்கும் விலையைப் பார்த்தால் அது பழமொழியாகத் தோன்றவில்லை, விலைப்பட்டியலாகவே தோன்றுகிறது. ஏழை வலைஞன் வீட்டுக் குழம்பில் கிடந்த மீன் செல்வர்களின் பெருமைப் பொருளாகிவிட்டது.

நாம் சொல்வதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. உல்லம் போனால் போகட்டும், மேட்டூர் நீர்த்தேக்கத்தில் கட்லாவும் ரோகும் திலாப்பியாவும் விளைகின்றனவே, அதை நம்பி ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் பிழைக்கின்றனவே என்பார்கள். உண்மைதான். நீர்த்தேக்க மீன்பிடிப்பு ஒரு பெரிய வாழ்வாதாரம். அதைக் குறைத்துப் பேசும் எண்ணம் இல்லை. ஆனால் கொள்ளிடக் கரையில் வலை வீசியவன் இழந்ததை மேட்டூரில் பரிசல் ஓட்டுகிறவன் பெற்றதைக் கொண்டு நேர்செய்வது எந்தக் கணக்கு? இவன் கடனுக்கு அவன் வரவை எழுதினால் நம் தணிக்கையாளர் ஒப்புவாரா? மேலும், நீர்த்தேக்கத்து மீனுக்கு ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விட வேண்டும். உல்லத்துக்கு யாரும் குஞ்சு வாங்கவில்லை, தீவனம் போடவில்லை. அது தானே வந்தது; தானே பெருகியது; வழி ஒன்றைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.

நம் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். அணைக்குக் கீழே எஞ்சிய ஆற்றை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, 1990-களில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சாயக் குட்டையானதும், 2011-இல் உயர்நீதிமன்றம் தலையிட்டுப் பட்டறைகளை மூடச் சொன்னதும் நெசவுத் தொழிலில் இருப்பவர் யாரும் மறக்கக்கூடியதன்று. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து வடிகால் வழியே எங்கே போகிறது என்று உழவர்களாகிய நாம் கேட்டுக்கொண்டதில்லை. மணலை அள்ளிப் பாறையாக்கிய ஆற்றில் எந்த மீன் முட்டையிடும்? ஏறி வந்த மீன் அணையின் அடியில் முட்டி மோதி நிற்கும்போது, அதுவே நல்ல சமயம் என்று சிறுகண் வலையால் வாரிக்கொள்வதும் நம்மவர்களே. கதவணையைக் கட்டிய பொறியாளர் மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டுக் கைகழுவ முடியாது.

அமெரிக்காவில் எல்வா என்னும் ஆற்றில் 1913-இலும் 1927-இலும் மின்சாரத்துக்காகக் கட்டிய இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்து எடுத்துவிட்டார்கள். அவற்றுள் ஒன்று 210 அடி உயரம். மேட்டூரைவிட 4 அடியே குறைவு. மீன்கள் திரும்பி வந்தன. கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை 2024-இல் அகற்றி முடித்த சில வாரங்களில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் அடைபட்டிருந்த மேற்பகுதியில் சால்மன் காணப்பட்டது. அந்த ஆறுகளின் கரையில் வாழ்ந்த செவ்விந்தியக் குடிகள் தலைமுறை தலைமுறையாகப் போராடிப் பெற்ற பலன் அது. இதைச் சொல்வதால் மேட்டூரை இடிக்கச் சொல்கிறோம் என்று எவரும் கிளம்பிவிட வேண்டாம். பல லட்சம் ஏக்கர் நெல்லுக்கும் எண்ணற்ற ஊர்களின் குடிநீருக்கும் ஆதாரமான அணையை இடிக்கச் சொல்வது பைத்தியக்காரத்தனம். சில அணைகள் வேண்டியவை. சில, வேலை முடிந்தவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் அங்கே நடந்தது. வழி மட்டும் திறந்தால் மீன் மறந்துவிடவில்லை, திரும்பி வரும் என்பது அதனால் மெய்ப்பட்டது. அதுவே நமக்கு வேண்டிய செய்தி.

மேட்டூருக்கு மேலே உல்லத்துக்கு வழி உண்டாக்க இயலாது என்பதை ஒப்புக்கொள்வோம். மேட்டூருக்கும் கடலுக்கும் இடையே உள்ள நீண்ட ஆறு? அதுவும் இன்று தடங்கலின்றி இல்லை. கொள்ளிடத்தில் அண்மை ஆண்டுகளில் எழுந்த ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை, கீழணை, முக்கொம்பு, மாயனூர். பின்பு மின்சாரத்துக்கென்றே கட்டிய கதவணைகள். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய நான்கும் தலா 30 மெகாவாட் திறன் உள்ளவை. நம் நெசவாளர்கள் நாள்தோறும் கண்ணால் பார்க்கும் கதவணைகள் இவை. இவை மேட்டூரைப் போல் மலைச்சுவர் அல்ல, தாழ்ந்தவை, தூக்கக்கூடிய கதவுகள் உள்ளவை. இங்கேதான் ஏதாவது செய்ய முடியும் என்று கருதுகிறோம்.

நாம் கேட்பது பெரிதன்று. அணையில் நீர் போதிய அளவு உள்ள ஆண்டுகளில், ஆனி ஆடியில் வரும் முதல் பெருவெள்ளத்தின்போது சில நாள்கள், கீழிருந்து மேலாக எல்லாக் கதவணைகளின் கதவுகளையும் ஒருசேர முழுதும் தூக்கி வைக்க வேண்டும். கொள்ளிடத்தின் வழியே கழிமுகம் வரை அந்த நீர் தடையின்றிப் போக வேண்டும். மின்சாரம் நட்டமாகுமே என்று கேட்கலாம். பெருவெள்ளத்தில் கதவணையின் மேல்மட்டமும் கீழ்மட்டமும் நெருங்கிவிடுவதால் இத்தகைய தாழ்ந்த நிலையங்களில் உற்பத்தி எப்படியும் சுருங்கிவிடுகிறது. ஆகவே இழப்பு சொற்பமே. பாசன நீரிலும் நாம் கைவைக்கச் சொல்லவில்லை. உபரியாக வெளியேறப் போகும் நீரையே காலமறிந்து, வழியறிந்து வெளியேற்றச் சொல்கிறோம். வறட்சி ஆண்டில் இதைக் கேட்க மாட்டோம். குடிநீருக்கே திண்டாடும்போது மீனுக்கு வழி கேட்டால் எவரும் செவிசாய்க்க மாட்டார்கள், சாய்க்கவும் வேண்டியதில்லை.

இனிக் கட்டும் ஒவ்வொரு கதவணைக்கும், பழுதுபார்க்கும் ஒவ்வொரு பழைய அணைக்கும், மீனின் வழியைத் திட்டத்திலேயே சேர்த்து வரைய வேண்டும். அது அயல்நாட்டு ஏணியின் நகலாக இராமல், சுழலும் இரைச்சலும் இல்லாத சரிவான பக்க வாய்க்காலாக, நம் மீன்களின் இயல்பறிந்து அமைய வேண்டும். வாய்க்கால் வெட்டத் தெரியாத நாடா நம் நாடு? கட்டி முடித்தபின் சேர்ப்பதானால் பெருஞ்செலவு; கட்டும்போதே சேர்த்தால் சிறுசெலவு.

அணைகளின் அடியில் வலை வீசுவதற்கு ஒரு காலத் தடையும் வேண்டும். கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையைக் கிழக்குக் கரை விசைப்படகு மீனவர்கள் ஏற்று நடக்கிறார்கள். அதைத் தொடர்ந்து வரும் வெள்ளக் காலத்தில் ஆறும் சில வாரம் ஓய்வு பெறலாம். ஆனால் தடை விதித்துவிட்டு மீனவனைப் பட்டினி போடக்கூடாது. வங்காளதேசத்தில் இலிஷ் முட்டையிடும் நாள்களிலும் குஞ்சு வளரும் மாதங்களிலும் மீன்பிடியைத் தடுத்து, அக்காலத்துக்கு மீனவர் குடும்பங்களுக்கு அரசாங்கமே அரிசி கொடுத்து வந்திருக்கிறது. கொடுப்பதில் குறைகள் உண்டு என்று முறையீடுகளும் எழுந்தன. ஆயினும் 2002–03-இல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த இலிஷ் விளைவு, 2018–19-இல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. நெல் விளைவிக்கும் நம் சங்கங்களுக்கு, ஆற்றுமீனவர் சங்கங்களுக்குச் சில வாரத்து அரிசி கொடுத்துதவுவது தாங்க முடியாத சுமையாகிவிடாது. அவர்கள் விட்டுக்கொடுப்பது நாம் நீர் பெற்றதனால் நேர்ந்த இழப்பிலிருந்து மீள்வதற்கு என்பதை நினைவில் வைத்தால், அதைத் தருமம் என்று கூடச் சொல்ல மாட்டோம். பழைய பாக்கி என்போம்.

இவை எல்லாவற்றையும் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். மதகு எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று கூடும் கூட்டங்களில் பாசன விவசாயிகளின் பிரதிநிதிகள் அமர்கிறார்கள். மின்வாரியத்தாரும் நீர்வளத் துறையினரும் அமர்கிறார்கள். ஆற்றிலும் கழிமுகத்திலும் வலை வீசுகிறவனுக்கு அங்கே ஒரு நாற்காலி போட வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். நம் சங்கங்களின் அடுத்த பொதுக்கூட்டங்களில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரலாம். எவரும் எதிர்க்கமாட்டார்கள் என்றே நம்புகிறோம். எதிர்ப்பவர்கள் இருந்தால் அவர்கள் காரணத்தையும் இப்பக்கங்களில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.

தீர்மானத்தோடு சில விவரங்களையும் சேர்த்து அனுப்பினால் பயன் மிகும். உல்லத்தைக் காவிரியிலோ கொள்ளிடத்திலோ கண்ணால் கண்டவர்கள், பிடித்தவர்கள், வாங்கிச் சமைத்தவர்கள் நம் அங்கத்தினர் குடும்பங்களில் இன்னும் சிலராவது இருப்பார்கள். எந்த ஊர்த் துறையில், எந்த ஆண்டில், எந்த மாதத்தில், வெள்ளம் எவ்வளவு இருந்தபோது கண்டது, எந்த வலையில் விழுந்தது, கடைசியாகக் கண்டது எப்போது என்பவற்றை அஞ்சலட்டையில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எழுத இயலாத முதியவர்கள் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதலாம். மீனின் பெயர் அந்தந்த ஊரில் வேறாக வழங்கினால் அந்தப் பெயரையே எழுதுங்கள்.